ஊசிக்குப் பிறகு வந்த உடம்பு

அதை மூடி வையுங்கள், தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள். நெய் வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. கழுகுமலைக் கோயில் சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் வாங்கி வந்து, நீங்கள் சாப்பிடும் முன்னால் பக்கத்து சீட்காரனுக்கு நீட்டுகிறீர்கள். நல்ல மனசு. ஆனால் நான் கோயில் பிரசாதம் தொடுகிறவன் இல்லை. மீசை முளைத்த நாளிலிருந்து தொட்டதில்லை. வேறு காரணமும் உண்டு. அது உங்களுக்கு எதற்கு?

இன்னொன்று. ஏறினவுடனே, "அய்யா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொன்னீர்களே, அதற்கும் எனக்குக் கோபமில்லை. நான் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் கம்பி விலாவில் குத்துகிறது. இதற்கு மேல் தள்ள வேண்டுமென்றால் பாதி உடம்பை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். முடிந்தால் அதையும் செய்வேன்.

மணி என்ன? பத்தேகாலா? ரயில்வே கேட்டை அடைத்துவிட்டான். இனி எப்போது திறப்பானோ. எனக்கொன்றும் அவசரமில்லை. கோவில்பட்டிக்கு, கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன். வழியில் அந்த நூல் மில் வரும். அங்கே பதினொரு மணிக்கு கேட் கூட்டம் இருக்கிறது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. நான் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன்.

என்னைத் தெரியவில்லையா? வைரவன். தோழர் வைரவன். மில் தொழிலாளர் சங்கம். வயது என்ன உங்களுக்கு, முப்பதா? அப்படியானால் தெரியாதுதான். உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் என் குரல் கேட்காத மில் கேட் கிடையாது. ஒல்லி வைரவன் என்றால் போலீஸ்காரர்களுக்குக்கூடத் தெரியும். நீங்கள் சிரிக்க வேண்டாம். ஒல்லிதான். இப்போது நீங்கள் பார்க்கிற உடம்பு என்னுடையது இல்லை. இது ஊசிக்குப் பிறகு வந்த உடம்பு.

தெரியாதவராக இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் சொல்ல முடியவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு மில்லுக்குள் போனவன். மேற்கொண்டு படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம். டீக்கடை பெஞ்சில் கிடப்பது, கூட்டத்தில் கையில் திணிப்பது, போஸ்டருக்குப் பசை காய்ச்சும்போது அடியில் கிடப்பது, எல்லாவற்றையும் படித்தேன். அதிலிருந்துதான் எழுதவும் கற்றேன். ஒரே பக்கம். அதற்குள் எதிரியை முடித்துவிட வேண்டும். இரண்டாம் பக்கம் போனால் தொழிலாளி அதில் வடையை மடித்துக்கொண்டு போய்விடுவான். அந்த வித்தை எனக்கு வந்தது மாதிரி இந்த வட்டாரத்தில் எவனுக்கும் வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்போது இருந்த முதலாளிக்குச் சர்க்கரை வியாதி. இப்போது இருக்கிறவரின் அப்பா. டாக்டர் சொல்லி, மில் வளாகத்துக்குள்ளேயே வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பார். நாங்கள் போனஸுக்காக கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறோம், அவர் உள்ளே தொந்தியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். அதைப் பார்த்தபடி மைக்கில் பேசிக்கொண்டிருந்தேன். தானாக வந்தது பாருங்கள்:

"தொழிலாளி வியர்வையிலே உப்பு! முதலாளி மூத்திரத்திலே சர்க்கரை!"

எப்படி இருக்கிறது? உங்களுக்கே சிரிப்பு வருகிறது பாருங்கள். அன்றைக்குக் கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. மில் சுவர் முழுக்க அதைத்தான் எழுதினார்கள். அன்றிலிருந்து எந்தக் கூட்டமானாலும் கடைசியில் நான் முதல் பாதியைச் சொல்வேன், கூட்டம் கையை உயர்த்தி இரண்டாம் பாதியைச் சொல்லும். அதில் ஒரு சொல்லை மாற்ற முடியாது. இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல முழக்கம்.

அந்த முழக்கத்துக்கு என் உடம்பும் பொருந்தியது. கழுத்தெலும்பு தெரியும், கன்னம் ஒட்டியிருக்கும், ஜிப்பாவுக்குள் காற்று புகுந்தால் கொடி மாதிரி படபடக்கும். என் உடம்பே ஒரு துண்டுப் பிரசுரம். படிக்கத் தெரியாதவனுக்கும் பார்த்தவுடன் விஷயம் புரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இன்னும் இளைத்தேன். நாக்கு வறளும், குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பேன், எந்நேரமும் ஒன்றுக்குப் போக வேண்டும். என் மனைவி தெய்வானை, "ஆஸ்பத்திரிக்குப் போங்க, போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? சங்கத்தின் ஆண்டு விழாவில் செயலாளர் அழகர்சாமி என்னை மேடைக்கு நடுவில் நிறுத்தி, "பாருங்க தோழர்களே, நமக்காக உருகி உருகி நம்ம தோழர் இப்படி ஆயிட்டார்" என்று சொன்னபோது, முன் வரிசையில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் தலையைக் குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்தார்கள். எனக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது, அதனால் குனிந்தேன்.

பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தேன். உள்ளூரில் காட்டவில்லை. மகளோடு திருநெல்வேலிக்குப் போனேன். பெண் டாக்டர், சின்ன வயது. எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டார். "ஓய்வில்லாத மக்கள் பணிம்மா" என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அய்யா, அது பணி இல்ல. நீங்க சாப்பிட்டது ஒடம்புல ஒட்டாம ஒன்னுக்கு வழியா போயிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஆளே போயிருப்பீங்க."

இப்படியா பேசுவது? மக்கள் கண்ணீர் விட்ட உடம்பை ஒரே வரியில் மூத்திரத்தில் கரைத்துவிட்டார்.

மாத்திரை போதாது, இன்சுலின் ஊசிதான் என்றார். வயிற்றில் நானே போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் தயாரானேன். லத்தி அடி வாங்கின உடம்புக்கு ஊசி என்ன பெரிது? ஆனால் யாருக்கும் தெரியக்கூடாது. யோசித்துப் பாருங்கள். அந்த முழக்கத்தை எழுதினவனுக்கே சர்க்கரை! எதிரி கையில் இதைவிட நல்ல துண்டுப் பிரசுரம் கிடைக்குமா? மருந்தை ஃபிரிட்ஜில் மோர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் மறைத்து வைக்கச் சொன்னேன். வீட்டுக்கு யாராவது வந்தால் தெய்வானை ஓடிப் போய் ஃபிரிட்ஜ் கதவில் சாய்ந்துகொண்டு நிற்பாள்.

மணி என்ன? பத்தரையா? என்ன புழுக்கம் இந்த பஸ்ஸில். ஜன்னல் திறந்துதானே இருக்கிறது?

எங்கே விட்டேன்? ஊசி. ஊசி போட்டதும் தாகம் போயிற்று, கண் தெளிந்தது, தெம்பு வந்தது. கூடவே இதுவும் வந்தது. முதலில் கன்னம். பிறகு கழுத்து. பிறகு, நீங்களே பார்க்கிறீர்கள். "ஊசி போட்டா சாப்பாடு ஒடம்புல ஒட்டும், கொஞ்சம் வெயிட் ஏறத்தான் செய்யும்" என்று டாக்டர் சொன்னார். கொஞ்சமா இது? அளவாகச் சாப்பிடு, தினமும் நட என்றார். நடப்பதாம்! வெள்ளை ஷூ போட்டு ரோட்டில் நடந்தால் பார்க்கிறவன் என்ன சொல்வான்? வீட்டுக்குள்ளேயே அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். தெய்வானை குறுக்கே வந்தால் சண்டை.

சாப்பாட்டில் ஒரு சிக்கல். சில நேரம் ஊசி வேலை செய்து சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ஒரு தடவை அப்படி வந்ததும் பயந்துவிட்டேன். அதிலிருந்து கொஞ்சம் நடுங்குகிற மாதிரி தோன்றினாலே நாலு வாழைப்பழம், ஒரு டம்ளர் சீனித் தண்ணீர். டாக்டர், "அடிக்கடி இறங்குதா? சொல்லுங்க, ஊசி அளவக் கொறைக்கலாம், நீங்க பயந்து சாப்பிடுறதுதான் வெயிட் போடுது" என்று கேட்டபோது, "இல்லவே இல்லை" என்றேன். எனக்குப் பயம் என்று ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்வேனா? பிறகு என் சொந்த மூளையை உபயோகித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஊசியைப் பாதியாக்கினேன். மடமடவென்று இளைத்தேன். "தோழர் பழையபடி ஆயிட்டீங்க" என்று இரண்டு பேர் சொன்னார்கள். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரே மாதம். திரும்பவும் தாகம், திரும்பவும் மயக்கம், திரும்பவும் திருநெல்வேலி. அந்த டாக்டர் திட்டின திட்டை எந்த இன்ஸ்பெக்டரும் என்னைத் திட்டினதில்லை.

ஊரில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. டீக்கடையில், "என்ன தோழர், மில்லுல பங்கு கெடச்சிருச்சோ?" ஜிப்பாவைப் பிரித்துத் தைக்கக் கொடுத்தால் தையல்காரர், "துணி போதாது தோழர், கொடித் துணி இருந்தா குடுங்க, ஒட்டுப் போட்டுருவோம்." சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? கேலி நான் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வித்தைதானே. எங்கள் சங்கத்தில் குருவம்மாள் என்று ஒரு தோழர், இப்போது கோன் வைண்டிங்கில் நூல் சுற்றுகிற வேலை, பெண்களுக்கான செயலாளர். அவளும் இரண்டு வருடமாகக் கனத்துவிட்டாள். "என்ன தோழர், ரெண்டு சம்பளம் வாங்குதீகளோ?" என்று கமிட்டியில் நானே கேட்டிருக்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அது தோழமைக் கேலி. என்னைப் பார்த்துச் செய்தது வேறு.

கண்டக்டர்! ஏய்யா கண்டக்டர்! இறங்கிப் போய் அந்த கேட் கீப்பரைக் கேட்டால் என்ன? பஸ் நிறைய மனிதர்கள் வெந்துகொண்டிருக்கிறோம். இவர்களுக்கெல்லாம் யூனியன் கட்டிக்கொடுத்ததே நாங்கள்தான், தெரியுமா?

சரி, உட்காருகிறேன். கையை விடுங்கள், தம்பி. வியர்வைதான். ஒன்றுமில்லை.

போன மாதம் மில்லில் பெண்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். எண்பது பேர், ஒரே நாளில். கேட் முன்னால் காலவரையற்ற உண்ணாவிரதம் என்று கமிட்டி முடிவு செய்தது. என்னை உட்காரச் சொல்லவில்லை. "வயசாச்சு தோழர், நீங்க தொடங்கி வச்சாப் போதும்" என்றார்கள். அதோடு விட்டிருந்தால் சரி. அழகர்சாமி என் வயிற்றைப் பார்த்தான். "தோழருக்கென்ன, ரெண்டு மாசத்துக்கு ஸ்டாக் இருக்கு" என்றான். கமிட்டியே சிரித்தது. நான் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு கணக்கும் இருந்தது. பட்டினி கிடந்தால் இது கரையும். போராட்டமும் ஆயிற்று, உடம்பும் ஆயிற்று. காலையில் வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் போய்ப் பந்தலில் உட்கார்ந்தேன். தெய்வானை பின்னாலேயே தெரு முனை வரை வந்தாள். "ஊசி போட்டுட்டு சாப்பிடாம இருக்கக் கூடாதாம்ங்க" என்று மெல்லச் சொன்னாள். "மெல்லப் பேசு" என்று அதட்டினேன். அவள் மெல்லத்தான் பேசினாள்.

உச்சி வெயிலில் ஆரம்பித்தது. வியர்த்துக் கொட்டியது. எதிரே இருக்கிறவன் இரண்டாகத் தெரிந்தான். பேனருக்குப் பின்னால் எழுந்து போனேன். விழப்போகிற நேரத்தில் குருவம்மாள் வந்து பிடித்தாள். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். "தோழர், எறங்கிருச்சு" என்றாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பெண்களுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. பைக்குள் கையை விட்டுக் கடலைமிட்டாயும் சீனி மிட்டாயும் எடுத்து, என் வாயைத் திறந்து திணித்தாள். மெல்ல முடியவில்லை. தாடையைப் பிடித்து ஆட்டி மெல்ல வைத்தாள். பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி.

அதை எவனோ போனில் எடுத்துவிட்டான்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க. கீழே எழுதியிருந்தான்: "உண்ணாவிரதத் திடலில் ஊட்டிவிடும் படலம்." என் தொந்தி தெரிகிறது, அவள் கை தெரிகிறது, என் வாய் தெரிகிறது. வேறென்ன வேண்டும்? நான் எழுதியிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்க மாட்டேன். என்னைத் தீனிப் பண்டாரம் என்றார்கள். அது போகட்டும். அவளைச் சொன்னதை நான் திரும்பச் சொல்ல மாட்டேன். அவள் வீட்டுக்காரர் லாரி டிரைவர். குஜராத்திலிருந்து போன் போட்டுக் கேட்டாராம்.

மறுநாள் காலையில் பந்தலுக்குப் பின்னால் வந்து நின்றாள். அழவில்லை. "தோழர், ஒரு வார்த்தை சொல்லிருங்க. எனக்குச் சுகர், ஊசி போடுதேன், அன்னைக்கு எறங்கிருச்சுன்னு சொல்லிருங்க. அதோட முடிஞ்சுபோகும்."

"சொல்கிறேன்" என்றேன்.

"மைக்ல சொல்லுங்க. கமிட்டில வேண்டாம், மைக்ல."

"சொல்கிறேன், தோழர்."

மைக்கைப் பிடித்தேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் பேசினேன். தம்பி, எவ்வளவு நேரம் பேசினேன் தெரியுமா? மில் நிர்வாகத்தின் சதி, செல்போன் கம்பெனிகளின் சதி, உலக வங்கி, பருத்தி விலை, நான் பார்த்த ஜெயில்கள். ஒவ்வொன்றும் முடியும்போது அடுத்தது இதுதான், இப்போது சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். சொற்கள் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் மூச்சு வாங்கியது. முடிக்க வேண்டும். பழக்கம். வாய் தானாகச் சொன்னது: "தொழிலாளி வியர்வையிலே உப்பு!"

கூட்டம் கையை உயர்த்தி மற்ற பாதியைச் சொன்னது. அவளும் கையை உயர்த்தினாள். வாயைத் திறக்கவில்லை. கை மட்டும் மேலே நின்றது. பிறகு இறக்கினாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மணி என்ன? சொன்னீர்களா? திரும்பச் சொல்லுங்கள். இன்றைக்குப் பதினொரு மணிக்கு கேட் கூட்டத்தில் அவளைக் கமிட்டியிலிருந்து நீக்குகிறார்கள். அழகர்சாமி தீர்மானம். போராட்டத்துக்குக் களங்கமாம். நான் என்ன செய்வது? நான் ஒதுங்கிவிட்டேன். நான் கண் டாக்டரிடம் போகிறேன். பாருங்கள், அந்த கேட் கம்பமே எனக்கு இரண்டாகத் தெரிகிறது. கண்தான். நான் கண் டாக்டரிடம். எங்கே விட்டேன்? பதினொரு மணிக்கு நான் கண். தொழிலாளி மூத்திரத்திலே. இல்லை. வியர்வையிலே. என்ன சிரிக்கிறீர்கள்? யார் சிரித்தது? எல்லாரும் எதற்கு என்னைப் பார்க்கிறீர்கள்?

சாப்பிட்டேனா? இல்லை. ஊசி போட்டேன், சாப்பிடவில்லை. பஸ் மில்லைத் தாண்டும்போது யாராவது ஜன்னலில் பார்த்தால், கொஞ்சமாவது ஒட்டின வயிறாக... விடுங்கள். தொடாதீர்கள். அது கோயில் பிரசாதம். நான் தொட மாட்டேன். நான்...

...

...இன்னும் கொஞ்சம். ம். போதும். இல்லை, அதையும் கொடுங்கள்.

உங்கள் விரலைக் கடித்துவிட்டேனா? மன்னியுங்கள். இப்போது கம்பம் ஒன்றாகத்தான் தெரிகிறது. கை கொஞ்சம் நடுங்குகிறது, நின்றுவிடும். ஜிப்பாவெல்லாம் நெய். முந்திரிப்பருப்பு வேறு நிறையப் போடுகிறார்கள்.

என்ன கண்டக்டர்? ஒன்றுமில்லையப்பா. நெஞ்சு வலி இல்லை. எனக்கு... எனக்குச் சர்க்கரை. இன்சுலின் ஊசி போடுகிறேன். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டேன். இறங்கிவிட்டது.

கேட்டீர்களா அவன் சொன்னதை? "இம்புட்டுத்தானா? எங்க வீட்ல அப்பா, அம்மா, மாமா, மூணு பேரும் ஊசி." விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டான். பஸ்ஸில் இத்தனை பேர் கேட்டார்கள். ஒருத்தன் சிரிக்கவில்லை. அந்தக் காலேஜ் பையன் தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

அந்த அம்மா, பச்சைச் சேலை, என்னவோ நீட்டுகிறார்களே? வாங்கிக் கொடுங்கள். மிட்டாயா? "வச்சுக்கோங்க அண்ணாச்சி. ஊசி போடுதவுக பையில மிட்டாய் இல்லாம வாசப்படி எறங்கலாமா? நான் தூங்கும்போதும் தலமாட்டுல வச்சிருப்பேன்." சரிம்மா. வைத்துக்கொள்கிறேன்.

...

தம்பி.

குருவம்மாள் பையில் மிட்டாய் இருந்தது.

அவள் பிள்ளைகளெல்லாம் வளர்ந்துவிட்டார்கள். பேரன் பேத்தி இல்லை. உண்ணாவிரதப் பந்தலில் ஒரு பெண் பையில் மிட்டாய் எதற்கு? முகத்தைப் பார்த்தவுடன் எறங்கிருச்சு என்றாளே. "எனக்குச் சுகர், ஊசி போடுதேன்னு சொல்லிருங்க" என்றாளே, தடங்கலில்லாமல், பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்த மாதிரி. இரண்டு வருடமாகக் கனத்த உடம்பு. நான் ரெண்டு சம்பளமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

எத்தனை கேட் கூட்டம்! மில்லில் ரீலிங் பிரிவில் சின்னப் பெண்ணாகச் சேர்ந்த நாளிலிருந்து அவள் குரல்தான் கூட்டத்தில் மேலே கேட்கும். முதலாளி மூத்திரத்திலே. அதை ஊசி போட்ட வயிற்றோடு சொல்லியிருக்கிறாள். நான் சொல்லச் சொன்னேன், அவள் சொன்னாள்.

அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பெயர் மட்டுமா மீண்டிருக்கும்? அவளும் எழுந்து, "எனக்கும்" என்று சொல்லியிருப்பாள். அதற்குத்தான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் உலக வங்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ரயில் போய்விட்டது. கேட்டைத் திறக்கிறான். மணி சொல்ல வேண்டாம், கேட்காமலே தெரிகிறது. இந்த பஸ் எத்தனை மணிக்கு மில்லைத் தாண்டும் என்று எனக்குக் காலையிலேயே தெரியும். கண் டாக்டர் சாயங்காலம்தான் வருவார். அதுவும் தெரியும். இறங்க மாட்டேன், ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவோம் என்றுதான் ஏறினேன். மூட்டைப்பூச்சி மாதிரி ஒளிந்துகொண்டு.

அதோ பந்தல் தெரிகிறது. சிவப்பு பேனர். ஒலிபெருக்கியில் அழகர்சாமி குரல். இழுத்து இழுத்துப் பேசுவான், அவனுக்கு முடிக்கத் தெரியாது. என்னிடம் கற்றவன்.

கண்டக்டர் என்ன கத்துகிறான்? "சுகர் அண்ணாச்சி! மில் கேட்டு! எறங்குதீகளா, இல்ல போகலாமா?" பஸ்ஸுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்துகிறான் பாருங்கள். பந்தலில் கடைசி வரிசை திரும்பிப் பார்க்கிறது. நாற்பது வருடம் பெயர் சம்பாதித்தேன், எல்லாம் போய், இந்த ஒன்று கிடைத்திருக்கிறது.

இறங்குகிறேன்ப்பா. விசில் அடித்துவிடாதே.

தம்பி, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நான் வெளியே வர வேண்டும். இந்தத் தொன்னையை நான் எடுத்துக்கொள்கிறேன். அடியில் இன்னும் இரண்டு வாய் இருக்கிறது. மேடையில் நடுங்கினால் எல்லார் முன்னாலும் சாப்பிட வேண்டும். பிரசாதமா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

ஒரே ஒரு உதவி. டிரைவர் அடுத்த நிறுத்தத்தில் டீ குடிக்க நிறுத்துவார், அந்தப் புளியமரத் திருப்பத்தில். ஒலிபெருக்கி சத்தம் அங்கே வரை கேட்கும். காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வையுங்கள். நான் சொல்ல வேண்டியது இரண்டே வரி. டீ ஆறுவதற்குள் என் குரல் நின்றுவிட்டால், சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் பேசிக்கொண்டே இருந்தால், தம்பி, யாரிடமும் என் பெயரைச் சொல்லாதீர்கள்.